யானைமலையும் ஒரு காமிராவும்

நிலைத்து நிற்பது எது என்று கேட்டால் நம் முன்னோர் மலையைச் சுட்டிக் காட்டினார்கள். தானம் கொடுத்த அரசன், அந்தத் தானம் சந்திரனும் சூரியனும் உள்ளவரை நிலைக்க வேண்டும் என்று கல்லில் பொறித்தான். ஊரார் வாக்குக் கொடுக்கும்போதோ கல்லும் காவேரியும், புல்லும் பூமியும் உள்ளவரை என்று சொன்னார்கள். அரசு மாறும், ஆட்சிமொழி மாறும், ஊரின் பெயர்கூட மாறும்; ஆனால், கல் மாறாது, ஆறு மாறாது என்பது அந்த வாக்கின் உட்பொருள். அந்த நம்பிக்கையோடு வாழும் பேறு நமக்கு இல்லை. மதுரை மாவட்டத்து மேலூர் வட்டாரத்தில் கிரானைட் கல்லுக்காகக் குன்றுகள் அறுக்கப்பட்டதையும், குன்று இருந்த இடத்தில் நீர் தேங்கிய பள்ளங்கள் தோன்றியதையும் நம் தலைமுறையே கண்ணால் கண்டது.

ஒரு குன்று மறைந்துவிட்ட பிறகு, அது இருந்தது என்பதற்குச் சான்று எது? வரலாறு படிப்பவன் என்ற முறையில் இந்த வினா என்னைப் பல நாள் வருத்தியதுண்டு. கல்வெட்டு அதன் பெயரைச் சொல்லும். பாட்டு அதற்கோர் உவமை சொல்லும். நில அளவைக் கணக்கு அதன் எல்லையைச் சொல்லும். ஆனால், அதன் உருவத்தை, காலை வெயிலில் அதன் முகம் இருந்த கோலத்தைச் சொல்ல வல்லவை படங்களே. ஆகவே, நம் நாட்டு நிலத்தைத் தொடக்கக் காலத்தில் காமிராவில் பதித்தவர் யார், எவ்வாறு பதித்தார், அவரிடமிருந்து இன்று எளிய காமிரா ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே புறப்படும் இளைஞர் கற்றுக்கொள்ளத்தக்கது என்ன என்பனவற்றை நேயர்களோடு ஆராய விரும்புகிறேன். வானொலியில் படத்தைக் காட்ட இயலாது. காட்ட இயலாததைச் சொல்லிக் காட்டவே முயல்கிறேன்.

புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்ட ஆண்டு 1839. பிரான்சு நாட்டு டாகேர் வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் உருவத்தைப் பதித்தார். இங்கிலாந்தின் டால்பட் காகிதத்தில் நெகடிவ் எடுத்து, அதிலிருந்து பல படிகள் அச்சிடும் வழியைக் கண்டு, 1841ஆம் ஆண்டில் அதற்கு உரிமை பெற்றார். அந்தக் கலை விரைவிலேயே கடல் கடந்து இந்தியாவுக்கு வந்தது. பம்பாயில் 1854ஆம் ஆண்டிலும், சென்னையில் 1856ஆம் ஆண்டிலும் புகைப்படச் சங்கங்கள் தோன்றின. சென்னைச் சங்கம் தோன்ற முன்னின்றவர், 1850ஆம் ஆண்டில் இங்கே கலைப்பள்ளி ஒன்றை நிறுவிய டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர் ஆவார்.

இந்தச் சூழலில்தான் லின்னேயஸ் டிரைப் என்ற படை அதிகாரியின் பெயர் நம் வரலாற்றில் நுழைகிறது. அவர் இங்கிலாந்தின் டெவன்போர்ட் நகரில் 1822ஆம் ஆண்டு பிறந்தவர். இளமையிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்து, விடுமுறையில் தாய்நாடு சென்றிருந்தபோது புகைப்படம் எடுக்கக் கற்றுக்கொண்டார். 1854ஆம் ஆண்டின் இறுதியில் ஹளேபீடு, பேலூர்க் கோயில்களைப் படமெடுத்தார். மறு ஆண்டு சென்னையில் நடந்த கண்காட்சியில் அப்படங்கள் பரிசு பெற்றன. அதே ஆண்டு பர்மா அரசரிடம் சென்ற தூதுக் குழுவில் அவர் புகைப்படக்காரராகச் சேர்க்கப்பட்டார்; அந்தப் பயணத்தின் பயனாக 120 படங்கள் கொண்ட ஒரு தொகுதி வெளிவந்தது. பிறகு சென்னை மாகாண அரசு அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது.

1857ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் டிரைப் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். வட இந்தியாவில் பெருங்கிளர்ச்சியின் தீ இன்னும் அணையவில்லை. தெற்கிலோ ஒரு படை அதிகாரி மாட்டு வண்டிகளில் காமிராவையும், மருந்துப் புட்டிகளையும், காகிதக் கட்டுகளையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றார். சென்னைக் கலைப்பள்ளியோடு தொடர்புடைய ஐயாசாமி என்ற தமிழர் அவருக்குத் துணையாக இருந்தார். திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் ஆகிய ஊர்கள் அவருடைய காமிராவின் முன் நின்றன. மதுரையில் மீனாட்சியம்மன் கோயில், புது மண்டபம், திருமலை நாயக்கர் மகால், தெப்பக்குளம் ஆகியவற்றை எடுத்தார். கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக நடப்பட்டு, இன்று நாம் விளக்குத்தூண் என்று வழங்கும் தூணையும் எடுத்தார். கட்டடங்களோடு அவர் நின்றுவிடவில்லை. வைகையாற்றையும் அதன் குறுக்கே சென்ற தரைப்பாலத்தையும் எடுத்தார். ஊருக்கு வெளியே சென்று யானைமலையையும் எடுத்தார்.

யானைமலை மதுரைக்கு வடகிழக்கில், ஒத்தக்கடையை ஒட்டிக் கிடக்கும் ஒரே பெரும் பாறை. துதிக்கையை முன்னே நீட்டிப் படுத்திருக்கும் யானை போன்றது அதன் தோற்றம். ஞானசம்பந்தர் தம் பாட்டில் அதைக் குறித்திருக்கிறார். திருவிளையாடற் புராணம் அதற்கொரு கதை சொல்லுகிறது. அதன் உச்சியில் சமணத் துறவியர் தங்கிய படுக்கைகளும், அவற்றோடு பழைய தமிழ் எழுத்துக் கல்வெட்டும் உள்ளன. அதன் அடிவாரத்து நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கோயிலைப் பாண்டியனின் அமைச்சன் மாறன்காரி அமைத்ததை 770ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டால் அறிகிறோம். இத்தனை வரலாறு தாங்கிய மலையை டிரைப் 1858ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதன் நீளம் தெரியப் பக்கவாட்டில் எடுக்காமல், ஒரு முனையிலிருந்து நேர்முகமாக எடுத்த படம் இன்றும் இருக்கிறது. தாழ்ந்த மரங்களுக்கு மேலே பாறையின் முகம் மட்டும் எழுந்து நிற்கிறது. யானையைப் பக்கத்தில் நின்று பார்ப்பதற்கும், எதிரே நின்று பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அந்தப் படம் உணர்த்துகிறது.

அந்த ஒரு படத்துக்கு அவர் பட்ட பாட்டைச் சிறிது நினைத்துப் பார்க்க வேண்டும். அக்காலத்தில் அவர் நன்கு பழகியிருந்த முறை மெழுகுக் காகித முறை. பிரான்சின் லெ கிரே 1851ஆம் ஆண்டில் வெளியிட்ட வழி அது. மெல்லிய காகிதத்தில் தேன்மெழுகை உருக்கி ஊற வைத்து, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவச் செய்ய வேண்டும். பிறகு பொட்டாசியம் அயோடைடு முதலிய உப்புக் கரைசலில் தோய்த்து உலர்த்த வேண்டும். பிறகு இருட்டறையில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் இட்டு ஒளியுணரும் ஆற்றலை அதற்கு ஊட்ட வேண்டும். அந்தக் காகிதத்தைக் காமிராவில் செருகி, பல நிமிட நேரம் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டும். அதன்பின் காலிக் அமிலத்தில் மணிக்கணக்கில் கிடத்தினால்தான் உருவம் மெல்ல மெல்ல வெளிப்படும். தமிழ்நாட்டு வெயிலில் மெழுகு என்ன பாடுபடும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. காகிதத்தின் அளவோ படத்தின் அளவு. அக்காலத்தில் நெகடிவைப் பெரிதாக்கி அச்சிடும் வழக்கம் இல்லை. எனவே, பெரிய படம் வேண்டுமானால் பெரிய காமிராவே வேண்டும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. அக்காலத்து மருந்துகள் நீலநிற ஒளியை மிக விரைவாகவும், பச்சையையும் சிவப்பையும் மிக மெதுவாகவும் உணர்ந்தன. அதனால், மரமும் மண்ணும் பதிவதற்கு வேண்டிய நேரம் திறந்து வைத்தால், வானம் வெளுத்து வெறும் காகிதம்போல் ஆகிவிடும். மேகம் இருந்தும் படத்தில் இராது. டிரைப் இதற்கு ஒரு வழி கண்டார். நெகடிவின்மேல் தூரிகையால் வண்ணம் தீட்டி, வானத்துக்கு நிறமும் மேகமும் தாமே சேர்த்தார். அவருடைய படங்களில் நாம் காணும் மேகங்களில் சில வானத்தில் திரிந்தவை அல்ல. அவர் கையிலிருந்து பிறந்தவை. புகைப்படம் பொய் சொல்லாது என்று எண்ணுவோர் இதை நினைவில் வைப்பது நல்லது.

அந்தப் படங்களைச் சான்றாகக் கொள்ளும்போது மற்றொன்றையும் நாம் மறக்கக்கூடாது. அவற்றுள் பெரும்பாலானவற்றில் மக்கள் இல்லை. திருவிழாக்களால் நிரம்பிய மதுரை, ஆளற்ற நகரம்போல் காட்சி தருகிறது. இதற்குக் காரணம் மதுரையில் ஆள் இல்லாமை அன்று. லென்ஸ் பல நிமிடம் திறந்திருக்கும்போது நடந்து செல்பவன் படத்தில் பதியமாட்டான். அசையாதது மட்டுமே பதியும். கல் பதிந்தது, கல்லைச் செதுக்கியவனின் பேரன் பதியவில்லை. மேலும், எதைப் படமெடுக்க வேண்டும் என்று தீர்மானித்தது அரசு. ஆளும் நாட்டின் பழம்பொருள்களையும் கட்டடங்களையும் பட்டியலிட்டு வைத்துக்கொள்ள அது விரும்பியது. அந்தப் பட்டியலில் இடம்பெறாத குளமும், தோப்பும், மேய்ச்சல் நிலமும் இருளில் நின்றுவிட்டன.

ஆயினும், டிரைப் செய்தவற்றில் ஒரு செயலை எவ்வளவு பாராட்டினாலும் தகும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் வரிவரியாக ஓடுகின்றன. அவற்றை அவர் காமிராவைச் சிறிது சிறிதாக நகர்த்தி நகர்த்திப் படமெடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். அந்தக் கல்வெட்டுகள் அச்சில் நூலாக வெளிவரத் தொடங்குவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் முன்னே அவர் இதைச் செய்து முடித்தார். பல படங்களை இணைத்துப் பரந்த காட்சியை உண்டாக்குவதை இன்று ஒரு கைப்பேசி நொடியில் செய்கிறது. அன்று ஒவ்வொரு படத்துக்கும் காமிரா ஒரே உயரத்தில், ஒரே தொலைவில், ஒரே ஒளியில் நிற்க வேண்டியிருந்தது. ஒன்று பிசகினாலும் வரி முறிந்துவிடும்.

இந்த முயற்சி நீடிக்கவில்லை. 1859ஆம் ஆண்டில் சென்னை ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன் அரசின் நிதிநிலையை எண்ணிப் பார்த்து, புகைப்படம் எடுப்பதை அரசால் தாங்க முடியாத ஆடம்பரமாகக் கருதினார். 1860ஆம் ஆண்டோடு அந்த வேலை முடிந்தது. டிரைப் அதன்பின் காமிராவை ஏறக்குறையத் துறந்தே விட்டார். 1902ஆம் ஆண்டில் பிறந்த ஊரிலேயே மறைந்தார். அவர் எடுத்த படங்கள் உலக அருங்காட்சியகங்களில் நெடுங்காலம் அமைதியாகக் கிடந்தன. 2014, 2015ஆம் ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் ஆகிய நகரங்களில் அவற்றைக் கொண்டு பெரிய கண்காட்சி நடைபெற்றது. ஒரு கணக்கதிகாரியின் பேனாவால் நின்றுபோன வேலை, இல்லாவிடில் எந்தெந்த மலையை, எந்தெந்த ஆற்றை நமக்கு வைத்துச் சென்றிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

அதே காலத்தில் அமெரிக்காவில் நடந்தது வேறு. கார்ல்டன் வாட்கின்ஸ் என்பவர் 1861ஆம் ஆண்டில் கோவேறு கழுதைகள்மேல் பெரிய கண்ணாடித் தகடுகளை ஏற்றிக்கொண்டு யோசெமிட்டிப் பள்ளத்தாக்குக்குச் சென்றார். அவர் கொண்டுவந்த படங்கள் நாட்டின் தலைவர்களிடையே அந்தப் பள்ளத்தாக்கின் புகழைப் பரப்பின. 1864ஆம் ஆண்டில், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, அந்த நிலத்தைப் பொதுமக்களுக்கென ஒதுக்கும் சட்டத்தில் லிங்கன் கையெழுத்திட்டார். வில்லியம் ஹென்றி ஜாக்சன் 1871ஆம் ஆண்டில் எடுத்த படங்கள், மறு ஆண்டு யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா அமைவதற்குத் துணை நின்றன. நிலத்தின் படம் நிலத்தைக் காக்கவும் கூடும் என்பதற்கு இவை சான்று. அந்த நிலங்களில் வழிவழியாக வாழ்ந்த பழங்குடியினரின் உரிமையை அந்தப் படங்கள் காட்டவில்லை என்பதையும் உடன் சொல்லத்தான் வேண்டும்.

காமிராவின் வளர்ச்சியை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. சாமுவேல் போர்ன் 1866ஆம் ஆண்டில் இமயத்தின் மணிரங் கணவாயில், 18,600 அடி உயரத்தில் படமெடுத்தபோது, ஈரத் தகடுகளையும் இருட்டுக் கூடாரத்தையும் சுமக்கக் கூலியாட்களின் கூட்டமே உடன் சென்றது. 1888ஆம் ஆண்டில் கோடக் காமிரா வந்தது. 1925ஆம் ஆண்டில் கைக்கடக்கமான லைக்கா வந்தது. 1975ஆம் ஆண்டில் கோடக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் பிலிம் இல்லாத முதல் மின்னணுக் காமிராவை உருவாக்கினார். ஒரு படத்தைப் பதிவு செய்ய அதற்கு 23 நொடிகள் ஆயின. 2003ஆம் ஆண்டில் கானன் நிறுவனம் எளியோர் வாங்கத்தக்க டி.எஸ்.எல்.ஆர். காமிராவை, 18 முதல் 55 மில்லிமீட்டர் வரை நீளும் சிறிய லென்ஸோடு சேர்த்து விற்கத் தொடங்கியது. அந்த லென்ஸைக் கிட் லென்ஸ் என்கிறார்கள். இன்று உள்ளே கண்ணாடி இல்லாத புதிய காமிராக்கள் பெருகிவிட்டமையால், பழைய டி.எஸ்.எல்.ஆர். காமிராக்கள் குறைந்த விலைக்குக் கைமாறுகின்றன. கல்லூரி மாணவர் ஒருவர் கைக்கு எட்டும் கருவி அது. லென்ஸோடு சேர்த்தும் ஒரு கிலோவுக்கு உட்பட்ட எடைதான்.

அத்தகைய காமிரா ஒன்றையும், முக்காலி ஒன்றையும், டிரைப் எடுத்த யானைமலைப் படத்தின் படி ஒன்றையும் கையில் கொண்டு ஒருநாள் விடியுமுன் நானும் அந்த மலையடிக்குச் சென்றேன். அவர் நின்ற இடத்தைத் தேடிப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். இதற்கு ஒரு முறை உண்டு. பழைய படத்தில் பாறையின் இரண்டு முகடுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளித் தெரிகின்றன என்று பார்க்க வேண்டும். நாம் இடப்பக்கம் நகர்ந்தால் அந்த இடைவெளி மாறும். வலப்பக்கம் நகர்ந்தாலும் மாறும். இரண்டும் பழைய படத்தில் உள்ளபடியே பொருந்தும் கோடு ஒன்று நிலத்தில் இருக்கும். அந்தக் கோட்டின்மேல் முன்னும் பின்னும் நடந்து தொலைவை ஒப்பிட்டால் நின்ற இடம் கிடைக்கும். 1858ஆம் ஆண்டில் வெட்டவெளியாக இருந்த இடத்தில் இன்று வீடுகளும் மின்கம்பங்களும் நிற்பதால், அந்தக் கோட்டில் என்னால் முழுதும் நடக்க முடியவில்லை. ஆயினும், பாறையின் முகத்தை அடையாளம் காண்பதில் தடை ஏதும் இருக்கவில்லை. மடிப்புக்கு மடிப்பு அது அப்படியே இருந்தது.

நான் முக்காலியை விரித்து நின்றதைப் பார்த்து, ஆடு ஓட்டி வந்த பெரியவர் ஒருவர் அருகில் வந்தார். "என்னங்கய்யா, மலையை அளக்கவா வந்தீங்க?" என்று கேட்டார். அவர் குரலில் ஐயம் இருந்தது. "இல்லை பெரியவரே, படம் எடுக்க வந்தேன்" என்று சொல்லிப் பழைய படத்தைக் காட்டினேன். அதை நெடுநேரம் பார்த்தார். "இது நம்ம மலைதான். மரம்தான் வேற" என்றார். அவர் ஐயத்துக்குக் காரணம் இருந்தது. 2010ஆம் ஆண்டில் யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் ஒன்று பேசப்பட்டது. சுற்றுவட்டார மக்கள் எதிர்த்து எழுந்தமையால் அது கைவிடப்பட்டது. மலையடியில் முக்காலியோடு நிற்பவனை, அளவை எடுக்க வந்தவன் என்று அவர்கள் எண்ணுவது இயல்பே.

அன்று நான் செய்தவை மிகச் சில. லென்ஸை 18 மில்லிமீட்டரில் வைத்தேன். அதன் துளையை எஃப் 8 என்ற அளவில் அமைத்தேன். இந்த அளவில், ஏறத்தாழ 2 மீட்டர் தொலைவிலுள்ள பொருளில் குவியத்தை நிறுத்தினால், 1 மீட்டர் தொலைவிலுள்ள கல் முதல் தொலைவிலுள்ள மலை வரை எல்லாம் தெளிவாகப் பதியும். இதே காமிராவில் லென்ஸை 55 மில்லிமீட்டருக்கு நீட்டினால், அந்த 2 மீட்டர் ஏறத்தாழ 19 மீட்டராகிவிடும். ஆகவே, முன்னிலத்தையும் மலையையும் சேர்த்துக் காட்ட விரும்புவோர்க்கு அகன்ற பார்வை உதவும். மலையின் முகத்தை மட்டும் காட்ட விரும்புவோர்க்கு நீண்ட பார்வை உதவும். ஒன்றை மட்டும் மறக்கலாகாது. அகன்ற பார்வையில் மலை சிறுத்துவிடும். கண்ணுக்கு வானளாவி நிற்கும் பாறை படத்தில் கூழாங்கல்போல் தோன்றும். டிரைப் ஏன் மலையின் முனைக்கு நேராகச் சென்று நின்றார் என்பது எனக்கு அப்போதுதான் நன்கு விளங்கியது.

ஒளியின் தன்மையும் அன்றுபோல்தான் இன்றும் இருக்கிறது. நண்பகல் வெயிலில் பாறை தட்டையாகத் தெரிகிறது. காலை வெயில் சாய்வாகப் படும்போதோ, பாறையின் ஒவ்வொரு மடிப்பிலும் நிழல் விழுந்து, கல்லுக்கு உடல் வந்துவிடுகிறது. அந்த ஒளி நீடிப்பது அரைமணி நேரமே. டிரைப்பை வாட்டிய வெளுத்த வானம் இன்றைய காமிராவையும் விடுவதில்லை. நிலத்துக்கு ஏற்றபடி ஒளியை அளந்தால் வானம் வெளுக்கும். வானத்துக்கு ஏற்றபடி அளந்தால் நிலம் இருளும். வானம் வெளுக்காதபடி சிறிது குறைத்து எடுத்து, காமிராவின் மூலப்பதிவைச் சேமித்து வைத்தால், இருளிலுள்ள நிலத்தைப் பின்னர் வெளிக்கொணரலாம். வெளுத்துப்போன வானத்தை எவராலும் மீட்க முடியாது. முக்காலியில் காமிரா இருக்குமானால் ஐ.எஸ்.ஓ. என்னும் ஒளியுணர்வு அளவை 100-இலேயே வைத்துக்கொள்ளலாம். இவற்றைவிட நுட்பமான கருவி எதுவும் எனக்கு அன்று தேவைப்படவில்லை.

டிரைப்பின் வேலையில் கருவியின் சுமை, மருந்தின் தொல்லை, காத்திருக்கும் நிமிடங்கள் ஆகியவற்றைக் காலம் நீக்கிவிட்டது. நிற்கும் இடத்தைத் தேர்வதையும், ஒளிக்காகக் காத்திருப்பதையும், எடுத்ததைக் குறித்து வைப்பதையும் எந்தக் கருவியும் நமக்காகச் செய்வதில்லை. இவற்றுள் கடைசியாகச் சொன்னதையே நான் வற்புறுத்த விரும்புகிறேன். டிரைப்பின் படங்கள் 160 ஆண்டுகளுக்குப் பிறகும் சான்றாக நிற்பதற்குக் காரணம், ஒவ்வொன்றும் எந்த ஊர், எந்தப் பொருள், எந்தப் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று குறிக்கப்பட்டு வெளியிடப்பட்டதே. இன்று நம் கைப்பேசிகளிலும் காமிராக்களிலும் ஆயிரக்கணக்கான மலைகள் உறங்குகின்றன. அவற்றுள் எத்தனைக்குப் பெயர் இருக்கிறது?

இதன் பயனை அண்மைக் கால நிகழ்ச்சிகள் உணர்த்துகின்றன. 2012ஆம் ஆண்டில் மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த சகாயம், கிரானைட் வெட்டியதில் அரசுக்கு நேர்ந்த இழப்பைப் பற்றி அறிக்கை அளித்தார். 2014ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் அவரையே விசாரணைக்கு நியமித்தது. அறுத்தெடுத்த கல்லைக் கன மீட்டரில் கணக்கிடலாம். அறுக்கப்படுமுன் குன்று இருந்த உருவத்தைக் கன மீட்டரால் சொல்ல முடியாது. அதே வட்டாரத்து அரிட்டாபட்டி, 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டில் அந்தப் பகுதியை உள்ளடக்கிய நிலத்தில் டங்ஸ்டன் சுரங்க உரிமை ஏலம் விடப்பட்டது. மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். 2025ஆம் ஆண்டு ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை நீக்குவதாக அறிவித்தது. அந்தக் குன்று இன்னும் நிற்கிறது. எல்லாக் குன்றுகளுக்கும் அந்தப் பேறு கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

1858ஆம் ஆண்டில் இந்த மாகாணம் முழுமைக்கும் அரசு வைத்திருந்த புகைப்படக்காரர் ஒருவர். அவரை அனுப்பவும் நிறுத்தவும் ஓர் ஆளுநரின் கையெழுத்துப் போதுமானதாக இருந்தது. இன்று ஊர்தோறும் ஒரு காமிரா இருக்கிறது. அதை நிறுத்த வல்ல கையெழுத்து எவரிடமும் இல்லை. கோயிலையும் அரண்மனையையும் மட்டும் எடு என்று கட்டளையிடுவாரும் இல்லை. அன்று பட்டியலில் விடுபட்ட கண்மாயை, ஊருணியை, மந்தையை, பனந்தோப்பை இன்று எடுக்கலாம். அன்று பதியாமல் போன மனிதரையும் சேர்த்தே எடுக்கலாம்.

ஆகவே, இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. புகைப்படம் எடுக்கத் தொலைதூர மலைகளுக்குச் செல்லுங்கள். அது இன்பம் தரும். ஆனால், அதற்கு முன் உங்கள் ஊரின் எல்லையில் நிற்கும் குன்றை எடுங்கள். ஒரே இடத்தில் நின்று, கோடையில் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும் எடுங்கள். நின்ற இடம், நாள், நேரம், நோக்கிய திசை ஆகிய நான்கையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். குன்றுக்கு ஊரார் வழங்கும் பெயரைக் கேட்டு எழுதுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். ஆண்டுதோறும் அதே இடத்தில் மீண்டும் நின்று எடுங்கள். ஊர்ப் பள்ளியிலோ நூலகத்திலோ ஒரு படியைக் கொடுத்து வையுங்கள். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு வரலாறு எழுத வருபவன், உங்கள் ஊர்க் குன்றைப் பற்றிக் கேட்கும்போது, அவன் கையில் வைக்க ஒரு படமும் அதன் பின்புறத்தில் நான்கு வரிகளும் இருக்கட்டும்.